விருந்தினர் கைதவறி உடைத்தால்: டெபாசிட், தளத்தின் பாதுகாப்பு, வாடகையிலேயே சேர்ப்பது – எது நல்லது?

கொடைக்கானலிலோ புதுச்சேரியிலோ வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறவர்கள், விருந்தினர் கைதவறி ஏற்படுத்தும் சேதத்தைச் சமாளிக்கப் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். டெபாசிட் வாங்கி வைப்பது ஒன்று, முன்பதிவுத் தளத்தின் பாதுகாப்பை நம்புவது இன்னொன்று, வாடகையிலேயே சிறிது சேர்த்துக்கொண்டு கேட்காமல் விடுவது மூன்றாவது. எதில் அதிகப் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதைவிட, எதில் விருந்தினர் மறைக்காமல் உடனே சொல்வார் என்பதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடியில் மயிரிழை போல விழுந்த விரிசலை அன்றே சொன்னால், அடுப்பை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும். துடைத்து வைத்துவிட்டுப் பேசாமல் போனால், அடுத்து வரும் குடும்பம் பால் பொங்கவிடும் நேரத்தில் ஈரம் உள்ளே இறங்கி மின்கசிவு ஏற்படக்கூடும்.

டெபாசிட்டின் பலம், பணம் கையில் இருப்பதுதான். ஆனால் சொன்னால் பணம் போய்விடும் என்ற அச்சமே விருந்தினரின் வாயைக் கட்டிப்போடுகிறது. சுவரில் ஒட்டப்படும் அபராதப் பட்டியலும் உரிமையாளர்கள் நினைக்கும் அளவுக்கு உறுதியானதல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீட்டையே கோர முடியும். பழைய கெட்டிலுக்குப் புதியதன் விலையைப் பிடித்துக்கொள்வது வழக்கென்று வந்தால் நிற்பது கடினம். மேலும், ஏர்பிஎன்பி என்ற முன்பதிவுத் தளத்தின் வழியாக வரும் பதிவுகளுக்குத் தனியாக டெபாசிட் வாங்க அந்நிறுவனத்தின் விதி பெரும்பாலான உரிமையாளர்களை அனுமதிப்பதில்லை.

அதற்கு மாற்றாக அந்நிறுவனம் வழங்கும் ஏர்கவர் என்ற சேதப் பாதுகாப்புத் திட்டம் 30 லட்சம் டாலர் வரை சேதத்தை ஈடுசெய்வதாகச் சொல்கிறது. விருந்தினர் வெளியேறிய 14 நாட்களுக்குள் படங்களோடும் பில் அல்லது மதிப்பீட்டோடும் கோரிக்கை வைக்க வேண்டும். முதலில் விருந்தினரிடம் கேட்டு, அவர் 24 மணி நேரத்துக்குள் தராவிட்டால்தான் நிறுவனத்திடம் போகலாம். வழக்கமான தேய்மானம் இதில் சேராது. உடைந்த டிவி, கிழிந்த சோபா போன்றவற்றுக்கு இந்த அலைச்சல் தகும். ஒரு கண்ணாடி டம்ளருக்குத் தகாது.

வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்ற பேரிடர்களுக்கானது. கைதவறி உடைந்த பீங்கான் தட்டுக்கு அதில் பணம் வராது.

ஹேர் டை பட்ட தலையணை உறையும் சுடுபாத்திரம் வைத்ததால் மேசையில் விழுந்த வெள்ளை வளையமும் எப்படியும் வரும் செலவுகள். அவற்றை வாடகையிலேயே சேர்த்துவிடுவதுதான் முறை என்பது என் உறுதியான கருத்து. ₹1,000-க்கு உட்பட்ட சேதத்துக்குப் பணம் கேட்க மாட்டோம், தெரிவித்தால் மட்டும் போதும் என்று பதிவு உறுதியான அன்றே எழுதி அனுப்பிவிட்டால், மறைப்பதற்கான காரணமே பெரிதும் குறைந்துவிடும். அதற்கு மேற்பட்டதற்குத் தளத்தின் வழியே கோரலாம். தளத்தைச் சாராமல் நேரடியாகப் பதிவு செய்பவர்களிடம் மட்டும் சிறு டெபாசிட் வாங்கி, அவர்கள் கிளம்பும்போது வீட்டைச் சேர்ந்தே சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கேயே யுபிஐ மூலம் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.