மதம்சார் தனியார் பள்ளிகளில் படிப்பவர் யார்: அமெரிக்க அரசின் பள்ளித் தேடல் தளம் ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் ஒரு வட்டாரத்தின் மதம்சார் தனியார் பள்ளிகளில் எத்தனை பேர் படிக்கிறார்கள், அவர்கள் எந்தெந்த இனத்தவர் என்று அறிய விரும்புவோருக்குத் தேசிய கல்விப் புள்ளிவிவர மையத்தின் தனியார் பள்ளித் தேடல் தளம் நல்ல துணை. கட்டணம் கிடையாது. 1989-90 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை நாடெங்கும் நடக்கும் கணக்கெடுப்பில் பள்ளிகள் தாமே தரும் விவரங்களே இதில் இடம்பெறுகின்றன. பங்கேற்பது பள்ளிகளின் விருப்பத்தைப் பொறுத்தது என்பதால், தேடும் பள்ளி கிடைக்காமலும் போகலாம்.

பள்ளியின் பெயரைச் சொடுக்கினால் வகுப்புவாரியான சேர்க்கை, மாணவர்-ஆசிரியர் விகிதம், அது சார்ந்த சமயப் பிரிவு ஆகியவற்றோடு, வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தோர்), ஆசியர் என்று இனவாரியான எண்ணிக்கையும் விரிகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொத்தச் சேர்க்கையில் மழலையர் முன்வகுப்புக் குழந்தைகளும் அடக்கம். இனவாரிக் கணக்கில் அவர்கள் இல்லை. மொத்தத்தைக் கொண்டு விழுக்காடு கணக்கிட்டால், முன்வகுப்பில் குழந்தைகள் மிகுந்த சிறு பள்ளிகளில் விடை பெரிதும் பிசகிவிடும். ஆசியர் என்ற ஒரே கட்டத்தில் இந்தியர், சீனர், வியட்நாமியர் எல்லோரும் அடங்கிவிடுவதால், தமிழ்ப் பெற்றோர் நம் பிள்ளைகளின் எண்ணிக்கையை இதில் தனியே காண வழியில்லை.

ஆனால் பெருங்குறை வேறு: சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளின் கணக்கு இந்தத் தளத்தில் இல்லை. மிசிசிப்பி மாநிலத்தின் ஹோம்ஸ் கவுண்டியை (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எடுத்துக்கொள்வோம். வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் தனித்தனிப் பள்ளிகளில் படிக்க வைக்கும் இனப்பிரிவினையை உடனே கைவிட வேண்டும் என்று 1969 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அந்தக் கவுண்டியின் கல்வி வாரியத்தின் பெயர் தாங்கிய வழக்கில்தான். பிரிவினை நீக்கத்தின் முதல் ஆண்டிலேயே அங்கு அரசுப் பள்ளிகளில் படித்த வெள்ளை மாணவர்கள் 771 பேரிலிருந்து 28 பேராகக் குறைந்தார்கள். அடுத்த ஆண்டு ஒருவர்கூட மிஞ்சவில்லை. வெள்ளையருக்கென்றே தொடங்கப்பட்ட தனியார் பள்ளிகளுக்கு வரிவிலக்கு தரக் கூடாது என்று கறுப்பினப் பெற்றோர் வழக்குத் தொடுத்ததும் அதே கவுண்டியிலிருந்துதான். இப்படிப்பட்ட வரலாறுள்ள ஊரில், ஒரு பள்ளியில் வெள்ளையர் எத்தனை விழுக்காடு என்ற தகவல் மட்டும் போதாது; அதே தெருவில் வாழும் மற்றக் குழந்தைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதும் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் கிடைக்கும். அரசுப் பள்ளிகளின் இனவாரிக் கணக்கு இதே மையத்தின் வேறொரு தேடல் பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு நாமேதான் ஒப்பிட வேண்டியிருக்கிறது. அப்போதும், தனியார் பள்ளிக்குப் பக்கத்துக் கவுண்டியிலிருந்தும் பிள்ளைகள் வரக்கூடும் என்பதை மறக்கலாகாது.

பழைய ஆண்டுகளின் நிலையை அறிய, அந்தந்த ஆண்டின் முழுத் தரவுக் கோப்பையும் தரவிறக்கித் தேட வேண்டும். கணினிப் பழக்கம் குறைந்த பெற்றோருக்கு இது எளிதன்று. ஒரு பள்ளியின் முப்பதாண்டுச் சேர்க்கையும் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளின் கணக்கும் ஒரே பக்கத்தில் தெரியும்படி மையம் இதைத் திருத்தியமைக்க வேண்டும். அதற்கான தரவுகள் ஏற்கெனவே அதன் கைவசம் உள்ளன.