பெண்கள் ரக்பி லீக்: இங்கிலாந்தா, ஆஸ்திரேலியாவா?

இரண்டும் ஒரே ஆட்டம்தான். பக்கத்துக்கு 13 பேர். பந்தோடு ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆனால் இரு நாட்டுப் போட்டிகளும் வளர்ந்த விதம் வேறு.

இங்கிலாந்தின் பெண்கள் சூப்பர் லீக் 2017-ல் நான்கே அணிகளோடு தொடங்கியது: பிராட்ஃபோர்ட், காசில்ஃபோர்ட், ஃபெதர்ஸ்டோன், தார்ன்ஹில். நான்குமே வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்! முதல் கோப்பை பிராட்ஃபோர்டுக்கு. ஆடியவர்கள் சம்பளமில்லாத அமெச்சூர்கள்: பகலில் வேலை, மாலையில் பயிற்சி. கொரோனாவால் 2020 சீசனே நடக்கவில்லை. 2023-ல்தான் பெண்கள் சேலஞ்ச் கோப்பை என்ற தனிப் போட்டியின் இறுதி முதல்முறையாக லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் நடந்தது. லீட்ஸை 22-8 என வென்றது செயின்ட் ஹெலன்ஸ்.

ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல்டபிள்யூ (தேசிய ரக்பி லீக்கின் பெண்கள் போட்டி) 2018-ல், அதுவும் நான்கு அணிகளோடுதான் ஆரம்பம். ஒன்று நியூசிலாந்து அணி. ஆனால் முதல் இறுதிப்போட்டியே ஆண்கள் இறுதி நடந்த அதே நாளில், அதே சிட்னி மைதானத்தில். பிரிஸ்பேன் 34-12 என சிட்னி ரூஸ்டர்ஸை வென்று, அடுத்த இரண்டு வருடமும் கோப்பையை விடவில்லை. 2023-ல் 10 அணி, 2025-ல் 12.

பணமும் தொலைக்காட்சி வெளிச்சமும் ஆஸ்திரேலியா பக்கம்தான். ஆட்டத்தின் வேகமும் அங்கே ஒரு படி மேல். புதிதாகப் பார்க்கிறவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். என் மனசு என்னவோ வேலை முடிந்து பூட்ஸ் பையோடு மைதானத்துக்கு ஓடிவந்த அந்த யார்க்‌ஷயர் பெண்கள் பக்கம்தான் சாய்கிறது.