படி டவல்: அலமாரிக்குச் சரி, நாற்காலிக்கு வேண்டாம்

டவல் என்பது இரு பலகையை இணைக்க அவற்றின் துளையில் இறக்கும் மரக்குச்சி. படி டவலில் ஒரே குச்சியில் இரண்டு மூன்று விட்டங்கள்: நுனி மெலிந்தும் தலை தடித்தும் இருக்கும். அதே அளவில் படி வைத்த டிரில் பிட்டால் பலகையின் வெளிப்பக்கமிருந்து துளை போட்டு, பசை விட்டு அடித்து இறக்குவதுதான் படி டவல். புத்தக அலமாரி, டிராயர், செருப்பு ஸ்டாண்டு போன்ற வேலைகளில் பல மழைக்காலமும் கோடையும் கடந்து பார்த்ததில் கிடைத்த முடிவு இது: படி டவல் ஸ்க்ரூவுக்கு மாற்று, கழுந்துக்கு (ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி மற்றதன் குழியில் செருகும் இணைப்புக்கு) மாற்று அல்ல. இந்த வேறுபாட்டை மறந்து செய்த வேலைகள்தான் ஆட்டம் காண்கின்றன.

நெடுக ஒரே விட்டமுள்ள சாதாரண நேர் டவலில் இரு பலகையிலும் தனித்தனியாகத் துளை குறிக்க வேண்டும். அரை மி.மீ. விலகினாலும் பலகை மட்டம் தவறும். படி டவலுக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டையும் மூலைமட்டம் வைத்துக் கிளாம்பில் இறுக்கியபின் ஒரே துளையாகப் போடுகிறோம்.

20 மி.மீ. தேக்குப் பலகைக்கு ஒத்துவந்த அளவு: நுனி 6 மி.மீ. விட்டம், 30 மி.மீ. நீளம், நடு 8 மி.மீ. விட்டம், 30 மி.மீ. நீளம், தலை 10 மி.மீ. விட்டம், 33 மி.மீ. நீளம். மொத்தம் 93 மி.மீ. அதில் 3 மி.மீ. வெளியே நிற்கும், பிறகு அறுத்துவிடலாம். கடையில் கிடைக்காவிட்டால் கடைசல்காரரிடம் கொடுத்துக் கடைந்து வாங்கலாம். இழை நேராக ஓடும் கட்டையாகக் கொடுங்கள். இழை சாய்ந்திருந்தால் படியிலேயே முறியும்.

தலைப்பகுதி ஏன் 33? பக்கப்பலகை 20 மி.மீ. தடிமன். தலைப்பகுதி அதைத் தாண்டி உள்தட்டுக்குள் இன்னும் 10 மி.மீ. போக வேண்டும். தட்டில் பாரம் ஏறும்போது டவலை வெட்டப் பார்க்கும் விசை இரண்டு பலகையும் சேரும் கோட்டில்தான் விழுகிறது. அந்தக் கோட்டிலேயே படி வந்தால், மெலிந்த இடத்தில் மொத்த பாரமும் குவிந்து டவல் முறிந்துவிடும். கடையில் வாங்கும் டவலையும் உங்கள் பலகைத் தடிமனோடு ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள்.

டவல் உள்ளே இறங்குவது 90 மி.மீ.; துளை 92 மி.மீ. ஆழம் போதும். மிஞ்சும் 2 மி.மீ. பசைக்கான இடம். அது இல்லையென்றால் அடியில் சிக்கிய பசை வெளியேற வழியின்றித் தட்டைப் பிளக்கும். பிட்டை ஒரே மூச்சில் இறக்காமல், 20 மி.மீ.க்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தூளைத் தள்ளுங்கள். தூள் அடைத்தால் துளை கருகும், கருகிய சுவரில் பசை பிடிக்காது. துளை போட்டதும் கிளாம்பைக் கழற்றி, இரு பலகைக்கும் நடுவே புகுந்த தூளையும் பிசிறையும் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி பூட்டுவது அவசியம். அப்படியே ஒட்டினால் இணைப்பில் மயிரிழை இடைவெளி நிரந்தரமாக நின்றுவிடும். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. ஒட்டும் முகத்தை முதலில் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைக்கவும்.

பசையைத் துளைச் சுவரில் தடவுங்கள். டவல் 60 மி.மீ. வரை கையாலேயே இறங்கும். மூன்று படியும் கடைசி 30 மி.மீ.யில்தான் ஒன்றாகக் கவ்வும். அதனால் நேர் டவலைப் போல இது வழிநெடுகப் பசையை வழித்துக்கொண்டு போவதில்லை. இதன் பெரிய பலமே இதுதான். கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) சிறு சிறு தட்டாக, நேராக அடிக்கவும். சத்தம் கனத்து மாறியதும் நிறுத்துங்கள். பக்கத்துப் பக்கத்து டவல்களை எதிரெதிராகச் சற்றே சாய்த்துப் போட்டால் பலகை பிடுங்கிக்கொண்டு வருவது வெகுவாகக் குறையும். 250 மி.மீ. அகலத் தட்டுக்கு ஒரு முனையில் மூன்று போதும், ஓரத்திலிருந்து 30 மி.மீ. தள்ளி.

இனி ஈரப்பதம். கடலோர ஊர்களில் இதுதான் பெரிய தலைவலி. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 12 சதவீதத்தில் நிற்கும்; 80 சதவீதமானால் 16ஐத் தொடும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்து வைத்த டவல் பருத்துவிடும், துளையில் இறங்காது. அடித்து இறக்கினால் அதன் இழைகள் நசுங்கும். கோடையில் உலர்ந்து சுருங்கும்போது முன்பைவிட மெலிந்து ஆடத் தொடங்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்திருங்கள். தேக்குப் பலகைக்குத் தேக்கு டவலே நல்லது. பீச் மரம் ஈரத்துக்குத் தேக்கைவிட இரு மடங்குக்கு மேல் விரிந்து சுருங்கும்.

இன்னொன்று, சில பருவம் கழித்தே தெரியும். மரம் அகலத்திலும் தடிமனிலும் சுருங்கும், நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு. பக்கப்பலகை கோடையில் தடிமன் குறையும்போது, நீளவாக்கில் நிற்கும் டவலின் தலை பத்தில் ஒரு மி.மீ. அளவு எழும்பும். மழையில் அதே தலை உள்வாங்கும். பளபளப்பான வார்னிஷில் அந்த வட்டம் விரலுக்கும் தட்டுப்படும், சாய்ந்த வெளிச்சத்தில் கண்ணுக்கும் தெரியும். மறைக்கப் பார்ப்பதைவிட ஈட்டி மரம் போலக் கறுத்த டவலை வரிசையாக வைத்து அலங்காரமாகவே காட்டிவிடலாம். எண்ணெய்ப் பூச்சு இதை வார்னிஷைவிட நன்றாகத் தாங்கிக்கொள்கிறது.

ப்ளைவுட்டில் கவனம் தேவை. 18 மி.மீ. ப்ளையின் விளிம்புக்குள் 10 மி.மீ. தலையை அடித்தால் அடுக்கு பிரியும். 8 மி.மீ. தலையோடு நிறுத்துங்கள். ப்ளையின் பசை பிட்டைச் சீக்கிரம் மழுக்கும். தீட்டும்போது முன்முனையை மட்டும் தீட்டவும். பக்கவாட்டில் தீட்டினால் விட்டம் குறைந்து, அந்த அளவு டவல் நுழையாது.

நாற்காலிக்கு இதை நம்ப வேண்டாம். அலமாரித் தட்டில் பாரம் கீழ்நோக்கியே இறங்குகிறது. நாற்காலியில் பின்னால் சாயும் ஒவ்வொரு முறையும் கால் இணைப்பு நெம்பப்படுகிறது. வட்டத் துளையின் சுவரில் பாதி, இழை வெட்டுப்பட்ட முகம். அங்கே பசைப் பிடிப்பு குறைவு. கழுந்தின் அகலமான தட்டைப் பக்கத்துக்குக் கிடைக்கும் ஒட்டுப்பரப்பு இதற்கு இல்லை.

ஒருமுறை இறக்கினால் கழற்ற முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். பழுது பார்க்க ஒரே வழி, தலையை மட்டமாக அறுத்து, நடுவில் புள்ளி குத்தி, 12 மி.மீ. பிட்டால் முழு ஆழத்துக்கும் துளைத்தெடுத்து, 12 மி.மீ. நேர் டவல் வைப்பது. 20 மி.மீ. தட்டில் அப்போது துளையின் இருபுறமும் 4 மி.மீ. மரமே மிஞ்சும். ஆகவே அந்த இடத்தில் மெதுவாகத் துளையுங்கள், தட்டின் மேலும் கீழும் கட்டை வைத்துக் கிளாம்பில் இறுக்கிக்கொண்டு.