வீடு வாங்க லீகல் பாத்து குடுத்த வக்கீல் சார் – 5க்கு 4.5

குரோம்பேட்டை பக்கம் ரீசேல்ல ஒரு தனி வீடு வாங்கினோம். லீகல் ஒப்பினியன்லருந்து கிரயப் பத்திரம் டிராஃப்ட் வரைக்கும் அந்த ஏரியாலயே இருக்கற ஒரு சீனியர் வக்கீல்கிட்டதான் குடுத்தோம். ஆன்லைன்ல பேர் வர்றது அவருக்கு இஷ்டம் இல்ல, அதனால பேர் போடல. ஆனா வீடு வாங்கற எல்லாரும் கேக்கற கேள்விங்கதான் நாங்களும் கேட்டது, அவர் சொன்ன பதில் அப்படியே மத்தவங்களுக்கும் உதவும், அதான் விரிவா எழுதறேன்.

முதல் கேள்வி, ஈசி (வில்லங்கச் சான்று, அந்த சொத்து மேல பதிவான பத்திரங்களோட லிஸ்ட்) கிளீனா இருக்கே, இன்னும் என்ன பாக்கணும்? புரோக்கர் திரும்பத் திரும்ப சொன்னது இதத்தான், "சார் ஈசி போட்டுட்டேன், ஒரு வில்லங்கமும் இல்ல"ன்னு. நாங்களும் பதிவுத்துறை சைட்ல போய் பாத்தோம் (பாக்கறதுக்கு காசு கிடையாது), ரெண்டே ரெண்டு என்ட்ரி. 1991ல விக்கறவரோட அப்பா வாங்கின கிரயம், 2014ல தம்பி தன் பங்க விட்டுக் குடுத்து அண்ணனுக்கு (இவர்தான் எங்களுக்கு விக்கறவர்) எழுதிக் குடுத்த விடுதலைப் பத்திரம். பட்டாவும் அண்ணன் பேர்ல. பாத்தா எல்லாம் பக்காவா இருக்கு.

வக்கீல் சார் அந்த ரெண்டு வரியையும் விரலால தொட்டு காட்டிட்டு, "நடுவுல 23 வருஷம் இருக்கேம்மா, அதுல என்ன நடந்துச்சு?"ன்னு கேட்டார். ஈசில பதிவானது மட்டும்தான் வரும், ஒருத்தர் இறந்தது வராது, அவருக்கு எத்தன வாரிசுன்னு வராது, பதிவு பண்ணாத உயில் வராது, பத்திரத்த அடகு வெச்சு வாங்கின கடன் பதிவாகலன்னா அதுவும் வராதுன்னு சொன்னார். அதனாலதான் ஒரிஜினல கண்ணால பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்கன்னு அவர் எல்லார்கிட்டயும் சொல்றாராம். பட்டாவும் வருவாய்த்துறை ரெக்கார்டுதான், அது மட்டும் இருந்தா ஓனர்னு ஆயிடாது.

அப்புறம் அவர் கேட்ட பேப்பர், அப்பாவோட இறப்புச் சான்றும் தாசில்தார் குடுத்த வாரிசுச் சான்றும். அது வந்தப்பதான் தெரிஞ்சுது, மனைவி, ரெண்டு பசங்க, கூடவே ஒரு பொண்ணு. தங்கச்சி கோயம்புத்தூர்ல இருக்காங்க, 2014 பத்திரத்துல அவங்க பேரே இல்ல. கேட்டா அண்ணன், "அவளுக்கு கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு சார்"ங்கறார். வக்கீல் சார் குரல கூட ஒசத்தல, "செஞ்சது செஞ்சதுதான் தம்பி, பங்கு பங்குதான்"னார்.

இதுல நிறைய பேருக்கு கொழப்பம் இருக்கு, எனக்கும் பொண்ணுங்களுக்கு பங்கு வந்தது தமிழ்நாட்டுல 1989லயும் இந்தியா பூரா 2005லயும்னுதான் தெரியும். அது பூர்வீக சொத்துக்கு. அப்பா சொந்தமா சம்பாதிச்சு வாங்கி உயில் எழுதாம இறந்துட்டா, 1956 இந்து வாரிசுச் சட்டப்படியே மனைவி, மகன், மகள், அவரோட அம்மா எல்லாருக்கும் சமமா பங்கு. அந்த அம்மாவ பத்தி அவர் கேட்டத நான் மறக்கவே மாட்டேன். "உங்கப்பா போனப்போ பாட்டி இருந்தாங்களா?" ஏன்னா அப்ப பாட்டி உசுரோட இருந்திருந்தா அவங்களுக்கு ஒரு பங்கு போயிருக்கும், பாட்டி காலத்துக்கு அப்புறம் அது சித்தப்பா, அத்தைங்களுக்கெல்லாம் பிரியும், எல்லாரையும் தேடிட்டு போய் கையெழுத்து வாங்கணும். நல்லவேளை பாட்டி முன்னாடியே தவறிட்டாங்க. சும்மா வாய் வார்த்தைக்கு ஒத்துக்காம அவங்க இறப்புச் சான்றையும் வாங்கி ஃபைல்ல வெச்சுட்டுதான் அடுத்த வேலை.

அம்மாவும் 2014க்கு முன்னாடியே தவறிட்டதால தங்கச்சிக்கு மூணுல ஒரு பங்கு. சாட்சி கையெழுத்து போட்டா போதாதான்னு புரோக்கர் கேட்டார். போதாது, விக்கறவங்கள்ல ஒருத்தரா அவங்க பேர் பத்திரத்துல வரணும், அவங்க பங்கு பணம் அவங்க அக்கவுண்ட்டுக்கே போகணும், அந்த விவரமும் பத்திரத்துல இருக்கணும்னு சார் கண்டிஷனா சொல்லிட்டார். அவங்க வந்து கையெழுத்து போட்டுட்டு, "என்னையும் ஒரு ஆளா மதிச்சு கூப்டீங்களே"ன்னு எங்க கைய புடிச்சுக்கிட்டாங்க. எங்களுக்கு டைட்டில் கிளியர் ஆனதவிட அதுதான் பெருசா இருந்துச்சு.

பேங்க்லயே லீகல் பாக்கறாங்களே, தனியா எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு, பேங்க் வக்கீல் பாக்கறது பேங்க் போடற கடன் திரும்பி வருமான்னு. நம்ம சார்பா பாக்க நாமதான் ஆள் வெச்சுக்கணும்.

செலவு பத்தி. முத்திரைத்தீர்வையும் சொத்து மாற்று வரியும் சேத்து 7%, பதிவுக் கட்டணம் 2% (2023 ஏப்ரலுக்கு முன்னாடி இது 4%), ஆக 9%. கைடுலைன் வேல்யூ (அரசாங்கம் அந்த இடத்துக்கு வெச்சிருக்கற மதிப்பு), நாம குடுக்கற விலை, ரெண்டுல எது ஜாஸ்தியோ அதுக்கு. 50 லட்சம் இல்ல அதுக்கு மேல போனா 1% டிடிஎஸ் (விக்கறவங்களுக்கு குடுக்கற பணத்துலருந்து புடிக்கற வருமான வரி) நாமதான் புடிச்சு கட்டணும். விக்கறவங்க ரெண்டு மூணு பேர், ஆளுக்கு 50 லட்சத்துக்கு கம்மின்னு தப்பிக்க முடியாது, 2024 அக்டோபர்லருந்து மொத்த விலையதான் கணக்கு பண்றாங்க, ஒவ்வொருத்தர் பேன் நம்பருக்கும் தனித்தனியா கட்டணும். அதுல யாராவது என்ஆர்ஐன்னா 1% இல்ல, ரேட்டே வேற, ஆடிட்டர பாருங்க.

டிராஃப்ட் விஷயத்துல ரொம்ப நிதானம். செக்குபந்திய (மனையோட நாலு பக்க எல்லை விவரம்) வாய்விட்டு படிச்சு, "இந்த பேப்பர எடுத்துட்டு போய் மனைல நின்னு நாலு பக்கமும் சரியான்னு பாத்துட்டு வாங்க"ன்னு அனுப்பினார். பத்திரத்துல வடக்குல காலி மனைன்னு இருந்துச்சு, இப்ப அங்க வீடு இருக்கு, அத மாத்தி எழுதினார்.

அரை மார்க் ஏன் கொறைச்சேன்னா, போன் எடுக்கவே மாட்டார், நேர்லதான் போகணும். ஒப்பினியனுக்கு ஒரு ஃபீஸ், டிராஃப்ட்டுக்கு தனி ஃபீஸ்னு முன்னாடியே தெளிவா சொல்லியிருக்கலாம். ஒப்பினியன் பூரா கோர்ட் இங்கிலீஷ்ல இருக்கும், ஆனா உக்காந்து கேட்டா வரி வரியா தமிழ்ல சொல்லிக் குடுப்பார்.

உங்க ஊர்ல எந்த வக்கீல்கிட்ட போனாலும் மூலப்பத்திரம், ஈசி, பட்டா, பில்டிங் ப்ளான், வீட்டு வரி ரசீதோட இறப்புச் சான்று, வாரிசுச் சான்றும் சேத்து ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டு போங்க, ஒரு செட் அவங்க வெச்சுப்பாங்க. ஓனருக்கு பதிலா பவர் (அவர் சார்பா விக்க எழுதிக் குடுத்த அதிகாரப் பத்திரம்) வாங்கினவர் விக்கறார்னா பவர் குடுத்தவர் உசுரோட இருக்காரான்னு அட்வான்ஸுக்கு முன்னாடியே கேளுங்க.