கும்பகோணத்தில் தோள்பட்டைக்கு ஃபிசியோ: அளந்த இடமும் அளக்காத இடமும்

டொராண்டோவில் பனியில் வழுக்கி விழுந்ததில் வலது மேற்கை எலும்பு தோளை ஒட்டி முறிந்தது. ஸ்லிங் போட்டே எலும்பு கூடிவிட்டது, ஆனால் தோள் இறுகிப் போனது. ஃபிசியோ பாதியில் இருக்கும்போதே கும்பகோணம் போக வேண்டி வந்தது. ஊரில் தொடர முடியுமா என்று சிலர் கேட்டார்கள். தாராளமாக முடியும். போகிற இடத்தில் அளக்கிறார்களா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

முதலில் போன இடத்தில் ஒத்தடம், கரண்ட் மெஷின், கப்பியில் கயிறு இழுப்பது, அவ்வளவுதான். கை எவ்வளவு தூக்குகிறது என்று யாரும் பார்க்கவில்லை. கேட்டால், "நல்லா இம்ப்ரூவ் ஆகுதும்மா." டொராண்டோவில் கொடுத்த தாளை நீட்டினால் பிரிக்காமலே திருப்பித் தந்தார்கள். எனக்குக் கோபமே வந்தது. எங்கே தொடங்கினோம் என்று எழுதி வைக்காமல் தேறியதை எப்படிச் சொல்வது?

அப்புறம் அத்தை மகள் சொல்லி வேறொரு சின்ன கிளினிக்குப் போனேன். அங்கிருந்த ஃபிசியோ பெண் என்னை மல்லாக்கப் படுக்கச் சொன்னார். உட்கார்ந்து தூக்கினால் முதுகு பின்னால் சாய்ந்து, தோள் செய்யாத வேலையையும் கணக்கில் சேர்த்துவிடுமாம். மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரின் ஒரு கரத்தை விலாவோடும் மறு கரத்தை முழங்கை எலும்பை நோக்கியும் பிடித்து, "நீங்களா தூக்கினா 105 டிகிரி, நான் தூக்கினா 130. நடுவுல இருக்கிற 25 பலம் இல்லாதது. 130க்கு மேல வராதது இறுக்கம். ரெண்டுக்கும் பயிற்சி வேற வேறக்கா" என்றார். இத்தனை நாள் எனக்கு யாரும் இப்படிப் பிரித்துச் சொன்னதில்லை. பிறகு கையைப் பின்னால் மடக்கி, கட்டைவிரல் முதுகில் எதுவரை ஏறுகிறது என்று பார்த்தார். இடுப்போடு நின்றது. முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்துச் செருக முடியாத காரணம் அதுதான்.

அன்றாட வேலைகளைச் செய்யக் கை எவ்வளவு சிரமப்படுகிறது என்று கேட்கும் டாஷ் (DASH) படிவத்தின் தமிழ் வடிவத்தையும் அவரே எடுத்து வைத்தார். டொராண்டோவில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனமும் அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து 1990களில் உருவாக்கியது அது. ஜாடி மூடி திறப்பது, சாவி திருப்புவது, தலைக்கு மேல் தட்டில் பொருள் வைப்பது என்று 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. கடைசியில் 0 முதல் 100 வரை ஓர் எண் வரும். குறையக் குறைய நல்லது. டொராண்டோவில் 42.5 இருந்தது இங்கே 30 ஆனது. சுமார் 10 புள்ளிக்கு மேல் இறங்கினால்தான் நிஜமான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வார்களாம்.

அதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. எந்தக் கையால் செய்தாய் என்று அந்தப் படிவம் கேட்பதில்லை. இடது கைக்குப் பழகிக்கொண்டாலே எண் இறங்கிவிடும். தேங்காய் துருவுவதும் தலை பின்னுவதும் எந்தக் கையால் என்று அவர் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். படிவத்தோடு கோணத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு விஷயமும் தெரிகிறது.

வெளியே போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஃபிசியோ வீட்டுக்கே வருகிறார். பக்கத்து வீட்டு ஆச்சிக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு அப்படித்தான் பயிற்சி நடக்கிறது. வயதான பெற்றோர் ஊரில் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

குறை என்றால் ஒன்றுதான். தோளின் நிலைக்கு 100க்கு மதிப்பெண் போடும் கான்ஸ்டன்ட்-மர்லி முறையில் 25 மதிப்பெண் பலத்துக்கு. அதை அளக்கும் கருவி அந்தக் கிளினிக்கில் இல்லை. ஆனால் கிளம்பும்போது கோணங்கள், டாஷ் எண், படுத்து அளந்ததா உட்கார்ந்து அளந்ததா என்பதுவரை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். டொராண்டோ ஃபிசியோ அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, பலத்தை மட்டும் புதிதாக அளந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.