பிரேம் அருமை, பெயர்ப்பட்டைதான் பொய்: வேலூரில் வாங்கிய டா வின்சி படத்தொகுப்பு

லாங் பஜார் பக்கம் சாமி படம், கல்யாண போட்டோ என்று பிரேம் போட்டுக் கொடுக்கும் கடைகள் நிறைய. அதில் ஒன்றில், காட்பாடியில் நாங்கள் நடத்தும் ஓவிய வகுப்பின் சுவருக்காக 'லியோனார்டோ டா வின்சி, 10 படங்கள்' என்ற தொகுப்பை வாங்கினோம். கடையின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகிற குறை அந்த ஒரு கடையோடு நிற்பதும் இல்லை, இணையத்தில் விற்கிற தொகுப்புகளும் இதே லட்சணம்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கேன்வாஸ் பிரிண்ட், படம் ஒன்று 1,100 ரூபாய். அந்த விலைக்கு அச்சு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. இருட்டான இடங்கள் கறுப்பாக அப்பிக்கொள்ளவில்லை. மோனா லிசாவின் அசல் 77-க்கு 53 சென்டிமீட்டர்தான், பலரும் நினைப்பதைவிடச் சின்னப் படம், இவர்கள் ஏறக்குறைய அதே அளவில் போட்டிருக்கிறார்கள். மூலை ஒட்டு சுத்தம். கண்ணாடி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், டியூப்லைட் விழுந்தால் எதுவும் தெரியாது. 'கடைசி இரவு விருந்து' மட்டும் வீண். மிலானில் கிட்டத்தட்ட 9 மீட்டர் அகலச் சுவரில் இருப்பதை இரண்டடிக்குச் சுருக்கினால் என்ன மிஞ்சும்? அதிலும் பளபளவென்று நிறம் ஏற்றிய படம். காய்ந்த பூச்சின் மேல் வரைந்ததால் அசல் சீக்கிரமே உரிய ஆரம்பித்து, இருபது வருடத்துக்கும் மேல் நடந்த சீரமைப்பு 1999-ல்தான் முடிந்தது. இப்போது நேரில் பார்ப்பவர்களுக்கு இவ்வளவு நிறம் தெரியாது.

சரி, குறைக்கு வருகிறேன். பத்து படத்துக்குக் கீழேயும் ஒரே பித்தளைப் பட்டை, ஒரே பெயர். ஆனால் அந்த மனுஷன் தன் ஓவியம் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. இன்று அவர் வரைந்தவை என்று பெரும்பாலோர் ஏற்பது இருபதைத் தாண்டாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வழக்கே நடந்திருக்கிறது: பழைய ஒப்பந்தம், யாரோ எழுதிய கடிதம், முன்வரைவு, பலகை எந்த மரம், அகச்சிவப்புக் கதிரில் பார்த்தால் வண்ணத்துக்கு அடியில் என்ன கோடு என்று ஒவ்வொன்றாகச் சாட்சி சேர்த்துத்தான் பெயர் சொல்கிறார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு இதுதானே சுவாரசியமான பகுதி, அதைப் பட்டையில் ஒரு வரியாகக்கூட எழுதாமல் விட்டால் எப்படி?

'கிறிஸ்துவின் ஞானஸ்நானம்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது அவருடைய குரு வெரோக்கியோவின் பட்டறையில் உருவானது. இடது ஓரம் மண்டியிட்டிருக்கும் தேவதையும் பின்னணி நிலக்காட்சியில் ஒரு பகுதியும்தான் சீடனுடைய வேலை. மற்றவர்கள் முட்டைக்கரு கலந்த வண்ணத்தில் தீட்ட, இவர் எண்ணெய் வண்ணத்தில் செய்திருக்கிறார், உற்றுப் பார்த்தால் தோலின் மென்மையிலேயே வித்தியாசம் தெரியும். பட்டையில் வெரோக்கியோ பெயரே இல்லை! நம் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களை ஒரே ஆள் செதுக்கினார் என்று யாராவது சொன்னால் சிரிப்போம் இல்லையா? ஸ்தபதி ஒருவர், கைகள் பல. இத்தாலியப் பட்டறையும் அப்படித்தான் நடந்தது.

அடுத்து 'லிட்டா மடோனா', குழந்தை இயேசுவோடு இருக்கும் மரியாள் படம். படத்தை வைத்திருக்கும் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம் லியோனார்டோ என்கிறது, ஆய்வாளர்களில் பலர் அவருடைய சீடர் போல்ட்ராஃபியோ என்கிறார்கள். ஆனால் அந்த மரியாளின் தலைக்கான முன்வரைவு பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அது குருவின் கை என்பதில் பெரிய சண்டை இல்லை. அவர் இடதுகைக்காரர், நிழலுக்கு இழுக்கும் கோடுகள் மேல் இடப்பக்கத்திலிருந்து கீழ் வலப்பக்கம் சரியும். வரைபடங்களில் அது நல்ல துப்பு. வண்ணத்தைக் குழைத்து மூடிய ஓவியத்தில் அந்தத் துப்பு கிடைக்காது, அங்கேதான் சிக்கல்.

கிறிஸ்துவை உலக ரட்சகராகக் காட்டும் 'சால்வதோர் முண்டி' தொகுப்பில் நடுநாயகமாக இருக்கிறது. 1958-ல் லண்டன் ஏலத்தில் இதே படம் போல்ட்ராஃபியோவின் பெயரில் 45 பவுண்டுக்குப் போனது. 2005-ல் நியூ ஆர்லியன்ஸில் 1,175 டாலர். பிறகு மேல்பூச்சை நீக்கியபோது, உயர்த்திய கையின் கட்டைவிரலை ஓவியர் முதலில் வேறு இடத்தில் வைத்து மாற்றியது தெரிந்தது. நகல் எடுப்பவன் அப்படி யோசித்து மாற்ற மாட்டான் என்பது ஒரு கட்சி. 2011-ல் லண்டன் நேஷனல் கேலரி அதை லியோனார்டோ என்றே காட்சிக்கு வைத்தது. 2017-ல் 45 கோடி டாலருக்கு விற்றது. அதற்கப்புறம் அது பொதுக் கண்காட்சி எதிலும் தலைகாட்டவில்லை. முகம் ரொம்பவே தேய்ந்து மறுவண்ணம் ஏறிய படம், பெரும்பகுதி பட்டறை வேலை என்பது எதிர்க்கட்சி. எனக்கு இரண்டாவது கட்சிதான் நியாயமாகப் படுகிறது, அந்தக் கண்களில் உயிர் இல்லை.

'பாறைகளின் கன்னி' இரண்டு உண்டு, எது என்று பட்டை சொல்லவில்லை. தேவதை விரலை நீட்டிச் சுட்டினால் லூவ்ர், சுட்டாவிட்டால் லண்டன். எங்களுக்கு வந்தது லூவ்ர்.

மோனா லிசாவில் மட்டும் பட்டை தப்பு செய்யவில்லை. ஃபுளோரன்ஸ் அலுவலர் அகோஸ்டினோ வெஸ்புச்சி, 1503 அக்டோபரில், தான் படித்த, பழைய ரோமானியர் சிசரோவின் புத்தகத்தின் ஓரத்தில் லியோனார்டோ இப்போது லிசா தெல் ஜொகோந்தோவின் (மோனா லிசா என்று நாம் சொல்லும் பெண்) தலையை வரைகிறார் என்று குறித்து வைத்திருக்கிறார். ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில் 2005-ல் அது கண்ணில் பட்டது. இப்படி ஒரு சாட்சி மற்றப் படங்களுக்கும் கிடைத்திருந்தால் பாதி ஆய்வாளர்களுக்கு வேலை போயிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் கோபம் வந்தது, கிரேக்கக் கதையின் பாம்புக்கூந்தல் அரக்கியைக் காட்டும் 'மெடூசா தலை'யைப் பார்த்துத்தான். ஃபுளோரன்ஸில் இருக்கும் அந்தப் படத்தை ஒரு காலத்தில் அவருடையது என்று நம்பினார்கள், உண்மை. அது ஃபிளெமிஷ் (இன்றைய பெல்ஜியம் பக்கத்து) ஓவியர் ஒருவருடையது என்பது பழைய செய்தி. ஒரு துளிகூட அவர் தீட்டாத படத்துக்கும் அதே பித்தளைப் பட்டை.

கடைக்காரரிடம் சொன்னேன். "பேர் இன்னாவா இருந்தா இன்னா சார், படம் சூப்பரா கீதுல்ல?" என்றார். ஆனாலும் நல்ல மனுஷன், பட்டைக்கு 60 ரூபாய் வாங்கிக்கொண்டு நான் எழுதிக் கொடுத்தபடி மாற்றித் தந்தார். போல்ட்ராஃபியோவில் மட்டும் ஒரு எழுத்து விட்டுப்போச்சு, அதையும் இலவசமாகத் திருத்தினார். மெடூசாவைத் திருப்பிக் கொடுத்து, அதே விலைக்கு லியோனார்டோ வரைந்த இளம்பெண் உருவப்படம் 'கினெவ்ரா தெ பென்சி' எடுத்துக்கொண்டோம்.

அச்சுக்கும் பிரேமுக்கும் ஐந்துக்கு நாலரை. பட்டைக்கு ஒன்று. வாங்குகிறவர்கள் பட்டை வாசகத்தைத் தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினால் பெயரெல்லாம் கந்தலாகி வரும்.