ஒட்டுறவா, சோதனையா?

காட்பாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டே கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறாய், பரீட்சை பயம் பத்துக்கு எவ்வளவு? ஒவ்வொரு பிள்ளைக்கும் கிராப் தாளில் ஒரு புள்ளி. இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவதுதான் ஒட்டுறவு (correlation). புள்ளிக்கூட்டம் வலப்பக்கமாக மேலே ஏறினால் நேர் ஒட்டுறவு, இறங்கினால் எதிர் ஒட்டுறவு. ஒட்டுறவை அளக்கும் எண்ணான கெழு -1 முதல் +1 வரை போகும்; குறி திசையைச் சொல்லும், பூஜ்யத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது வலுவைச் சொல்லும். கழித்தல் குறியைப் பார்த்ததும் ‘உறவே இல்லை’ என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு, உண்மையில் -0.8 தான் +0.5ஐ விட வலுவானது.

ஆனால் போனால் பயமா, பயத்தால் போனா? புள்ளி அதைச் சொல்லாது. வீட்டுச் சண்டை இரண்டையும் கிளப்பியிருக்கலாம். மே மாத வேலூரில் நுங்கு வியாபாரமும் ஏறும், ஆட்களின் எரிச்சலும் ஏறும். நுங்கு என்ன பாவம் செய்தது? வெயில் இருக்கிறதே!

சோதனை என்றால், காசைச் சுண்டிப் பிள்ளைகளை இரு குழுவாக்கி, ஒன்றுக்கு மட்டும் போன் நேரத்தைக் குறைத்து, அப்புறம் பயத்தை அளப்பது. காரணத்தைப் பிடிக்க நான் நம்புவது இதைத்தான். சரி, பெற்றோரை இழந்த துக்கம் படிப்பைப் பாதிக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால்? துக்கத்தைக் காசு சுண்டிப் பங்கு போட முடியாது. அங்கே ஒட்டுறவுதான் கைகொடுக்கும்.